வெள்ளவத்தையில தைரொயிட் டெஸ்ட்: லேப் பக்கேஜ் குடுக்கிற காசுக்கு ஏத்ததா?

காலி வீதியில வெள்ளவத்தைச் சந்தையடியில இருந்து பம்பலப்பிட்டி வரைக்கும் போனா ரத்தம் எடுக்கிற இடங்களுக்குக் குறைவே இல்லை, பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளின்ர கிளைகளும் இருக்கு சின்ன லேப்புகளும் இருக்கு, கனக்க இடத்தில கண்ணாடியில "தைரொயிட் பக்கேஜ், விசேட கழிவு" எண்டு ஒரு போஸ்டர் ஒட்டியிருக்கும். என்ர அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் ரெண்டு பேருக்குமே ரிப்போட்டில "போர்டர்லைன்" எண்டு வந்தபடியால கொஞ்சக் காலமா எங்களுக்கு இந்த இடங்களோடதான் பழக்கம். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின்ர கிளை, ஒரு சின்ன லேப், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கிற சேவை, மூண்டையும் பாத்தாச்சு. ஒரு இடத்துக்கும் பேர் போடேல்லை, ஏன் எண்டா நான் சொல்லப்போற முக்கியமான குறை மூண்டு இடத்திலயும் ஒண்டுதான்.

முதல் நல்லதைச் சொல்லுறன். பெரிய கிளையில ரத்தம் எடுக்கிற பிள்ளையளின்ர வேலை உண்மையிலயே திறம். தங்கச்சிக்கு நரம்பு பிடிபடுறது சரியான கஷ்டம், சின்ன வயசில இருந்தே ரெண்டு மூண்டு இடத்தில குத்து வாங்கித்தான் வருவா. இங்க இருந்த பிள்ளை முழங்கைக்கு மேல ரப்பரைக் கட்டிப்போட்டு அவசரப்படாம விரலால தடவித் தடவிப் பாத்து, மற்றக் கையிலயும் பாத்து, பிறகு ஒரே குத்தில எடுத்தவா. மஞ்சள் மூடிக் குழாய் நிறைஞ்ச உடன அதைக் குலுக்காம மெதுவா தலைகீழாப் பிரட்டிப் பிரட்டி வச்சவா. எனக்கு நல்லாப் பிடிச்சது அதுக்குப் பிறகு செய்ததுதான், தங்கச்சியையே பேரும் பிறந்த திகதியும் சொல்லச்சொல்லி, அவவுக்கு முன்னாலயே லேபிளை ஒட்டி, "சரியோ மிஸ், ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ" எண்டு குழாயைக் காட்டினவா. தமிழில கதைச்சது இன்னும் சுகம், அம்மாவுக்குச் சிங்களம் அவ்வளவா வராது. சின்ன லேப்பில இது இல்லை. ரத்தத்தை எடுத்து தட்டில வச்சிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாச்சு, லேபிள் எப்ப ஒட்டினவை, எந்தக் குழாயில ஒட்டினவை எண்டு எங்களுக்குத் தெரியாது. அந்த ஒரு காரணத்துக்காகவே அங்க திரும்பப் போறேல்லை எண்டு முடிவெடுத்திட்டம்.

ரிப்போட்டும் கெதியா வருது. காலமை குடுத்தா அண்டைக்குப் பின்னேரமே போனுக்கு லிங்க் வந்திடும், இறக்கிப் பாக்கலாம், டொக்டருக்கும் அனுப்பலாம். இது வரைக்கும் ஒரு குறையும் இல்லை.

குறை தொடங்கிறது கவுண்டரில. போன் பண்ணிக் கேட்டா "பாஸ்டிங் தேவையில்லை மிஸ், எத்தினை மணிக்கும் வரலாம்" எண்டுவினம். சாதாரணமா செக்கப் செய்யிற ஆளுக்கு அந்தப் பதில் காணும். ஆனா இந்த டெஸ்ட்டில முதல் பாக்கிற டிஎஸ்எச் (தைரொயிட்டை வேலை செய்யச்சொல்லுற ஹோர்மோன், தைரொயிட் சுணங்கினா இது கூடும்) எண்டுறது ஒரு நாளைக்குள்ளயே ஏறி இறங்கிற சாமான், ராத்திரியிலயும் விடியப்புறத்திலயும் கூடி நிண்டு மத்தியானம் பின்னேரம் போலக் குறையும், சாப்பிட்டாப் பிறகும் கொஞ்சம் இறங்கும். மேல் எல்லை 4 இல்லாட்டி நாலரை எண்டு லேப்புக்கு லேப் போட்டிருப்பினம், அந்தக் கோட்டுக்கு மேல சாடையா நிக்கிற ஆள் காலமை வெறும் வயித்தோட போனா "கூட" எண்டு வரும், அதே ஆள் பின்னேரம் சாப்பிட்டிட்டுப் போனா "சரி" எண்டு வரும். தங்கச்சிக்கு நடந்தது அச்சொட்டா இதுதான். முதல் தரம் ஒபிசுக்குப் போக முதல் குடுத்தது 5.9, அடுத்த தரம் வேலை முடிஞ்சு வாற வழியில அந்தச் சின்ன லேப்பில குடுத்தது 4.3. வீட்டில எல்லாருக்கும் சந்தோசம், குறைஞ்சிட்டுது எண்டு நேத்திக்கடன் வரைக்கும் கதை போட்டுது. எண்டோகிரைன் டொக்டரிட்ட, அதாவது ஹோர்மோன் வருத்தங்களுக்குப் பாக்கிற டொக்டரிட்ட, சனல் பண்ணிப் போனா அவர் நம்பரைப் பாக்கேல்லை, ரெண்டு ரிப்போட்டிலயும் மேல சின்ன எழுத்தில இருக்கிற ரத்தம் எடுத்த நேரத்தைத்தான் முதல் பாத்தவர். பாத்திட்டு ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வச்சு, "இது குறைஞ்சதெண்டு சொல்ல ஏலாது" எண்டு சொல்லிட்டார். ஒரே ஆளுக்கு வேற வேற நாளில எடுத்தா டிஎஸ்எச் 40 வீதம் வரைக்கும் மாறினாலும் தைரொயிட்டில மாற்றம் எண்டு எடுக்கேலாதாம்.

பிறகு அவர் கேட்ட அடுத்த கேள்வி, "தலைமயிருக்கு ஏதும் குளிசை எடுக்கிறீங்களோ?" தங்கச்சிக்கு முடி கொட்டுறது, அதுக்கு பார்மசியில பயோட்டின் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தவா. உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுற பயோட்டின் 30 மைக்ரோகிராம் அளவில, ஆனா முடிக்கும் நகத்துக்கும் எண்டு விக்கிற குளிசைகளில 5,000, 10,000 எண்டு இருக்கும். கனக்க லேப் மெசின்கள் தங்கட அளவெடுப்புக்கே பயோட்டினைத்தான் பாவிக்குது, அதால ரத்தத்தில பயோட்டின் கூடக் கிடந்தா மெசின் ஏமாந்துபோய் டிஎஸ்எச்சைக் குறைச்சும் ப்ரீ டி4ஐ (தைரொயிட் சுரக்கிற டி4 ஹோர்மோனில ரத்தத்தில ஒண்டோடையும் ஒட்டாம இருக்கிற பங்கு) கூட்டியும் காட்டும். அதாவது தைரொயிட் சுணங்கிக்கொண்டிருக்கிற ஆளுக்கு ரிப்போட் நல்லா இருக்கெண்டு வரும். அமெரிக்காவின்ர மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எப்டிஏ 2017இலயே இதைப்பற்றி எச்சரிக்கை விட்டது. குறைஞ்சது ரெண்டு நாள் முதல் நிப்பாட்டிப்போட்டுத்தான் ரத்தம் குடுக்கவேணும். இவ்வளவு தெரிஞ்ச விசயம், அந்தக் கவுண்டரில ஒரு ஆளாவது "ஏதும் விற்றமின் குளிசை எடுக்கிறீங்களோ" எண்டு கேட்டிருக்கலாம் தானே. ஒரு இடத்திலயும் கேக்கேல்லை. பெயர், வயசு, போன் நம்பர், காட்டா காசா, இவ்வளவுதான் கேள்வி. எனக்கு உண்மையிலயே கோவம் வந்த இடம் இது, ஏன் எண்டா ஒரு வசனத்தில முடியிற வேலை, ஒரு சதம் செலவில்லை.

இனிப் பக்கேஜைப் பாப்பம். எங்களுக்குத் தந்த பக்கேஜில தைரொயிட் சுரக்கிற ஹோர்மோன்களான டி3, டி4, அதோட டிஎஸ்எச், மூண்டும் இருந்தது. கேக்க நல்லா இருக்கும், மூண்டும் பாத்தா முழுசாப் பாத்த மாதிரி. ஆனா தைரொயிட் குறைவா வேலை செய்யுதோ எண்டு பாக்கிறதுக்கு டி3 உதவாது, தைரொயிட் நல்லாக் களைச்சுப்போன ஆளுக்கும் டி3 கடைசி வரைக்கும் சரியாவே நிக்கும். டி4லயும் ரெண்டு வகை இருக்கு, மொத்த டி4 வேற, ப்ரீ டி4 வேற. எங்களுக்குத் தேவை ப்ரீ டி4, பக்கேஜில இருந்தது மொத்தம். அதால அடுத்த தரம் காசு கட்டி ப்ரீ டி4 தனியா எடுக்கவேண்டி வந்தது. "கழிவு" எண்டு போட்டிருக்கிற பக்கேஜை விட டிஎஸ்எச், ப்ரீ டி4 ரெண்டையும் தனித்தனியா எழுதி எடுத்தது எங்களுக்கு மலிவாவும் முடிஞ்சது. கவுண்டரில "கழுத்து ஸ்கானும் சேத்துச் செய்யுங்கோ மிஸ், நல்லம்" எண்டும் ஒருக்காச் சொன்னவை. கையால தடவிப் பாக்க கட்டியோ வீக்கமோ இல்லாட்டி வெறும் டிஎஸ்எச் கூடினதுக்காக ஸ்கான் தேவையில்லை, டொக்டரும் அதையேதான் சொன்னவர். ஸ்கானில கனபேருக்கு ஒண்டுக்கும் உதவாத சின்னச் சின்ன முடிச்சுகள் தெரியும், பிறகு அதுக்குப் பயந்து வேற அலைச்சல்.

போர்டர்லைன் எண்டா என்ன எண்டதையும் இந்த இடத்தில சொல்லிவிடுறன், ரிப்போட்டில சிவப்பில "எச்" (ஹை, கூட) எண்டு கிடந்தா ஆக்கள் படுற பாடு எனக்குத் தெரியும். டிஎஸ்எச் தைரொயிட்டில இருந்து வாறதில்லை, மூளைக்குக் கீழ இருக்கிற பிட்யூட்டரி எண்ட சுரப்பி தைரொயிட்டுக்கு "வேலை செய்" எண்டு அனுப்புற கட்டளை. தைரொயிட் கொஞ்சம் சோர்ந்தா டி4 சாடையாத்தான் குறையும், ஆனா கட்டளை கனக்கக் கூடும், டி4 பாதியாக் குறைஞ்சா டிஎஸ்எச் நூறு மடங்கு வரைக்கும் போகும். அதாலதான் டிஎஸ்எச்சை முதல் பாக்கினம். டிஎஸ்எச் கூடி ப்ரீ டி4உம் குறைஞ்சா அது முழுத் தைரொயிட் குறைபாடு, அதில யோசிக்க ஒண்டுமில்லை, மருந்து வேணும். டிஎஸ்எச் மட்டும் கூடி ப்ரீ டி4 சரியா இருந்தா அதுதான் போர்டர்லைன். டி4 சரியோ பிழையோ எண்டு தெரியாம போர்டர்லைன் எண்டே சொல்லேலாது, அப்ப டிஎஸ்எச் மட்டும் பாத்து மருந்து எழுதினா என்ன அர்த்தம்?

அம்மாவுக்கு அதுதான் நடந்தது. எழுபது தாண்டின மனுசி, களைப்பா இருக்கு, மலச்சிக்கல், கால் உளைவு எண்டு போக ஒரு டொக்டர் டிஎஸ்எச் எழுதினவர், 6.8 எண்டு வந்தது, பாத்த கையோட தைரொக்சின் எண்ட தைரொயிட் ஹோர்மோன் குளிசை எழுதிப்போட்டார், வாழ்நாள் முழுக்கப் போடோணும் எண்டும் சொல்லிவிட்டார். நாங்கள் மருந்து தொடங்க முதல் தங்கச்சியைப் பாத்த அதே எண்டோகிரைன் டொக்டரிட்டக் காட்டினம். அவர் ஆறுதலா இருந்து விளங்கப்படுத்தினார். வயசு போகப் போக டிஎஸ்எச் தானாவே கொஞ்சம் கூடும், எழுபது தாண்டின ஆளுக்கு 6, 7 எண்டுறது நோயா இருக்கத் தேவையில்லை. 2017இல ஐரோப்பாவில 65 வயசுக்கு மேற்பட்ட 737 பேரை வச்சு ஒரு ஆய்வு செய்தவை, எல்லாரும் அம்மா மாதிரி போர்டர்லைன் ஆக்கள், சராசரி டிஎஸ்எச் 6.4, பாதிப்பேருக்கு உண்மை மருந்து, மிச்சப்பேருக்கு மருந்தில்லாத குளிசை. ஒரு வருசத்தால பாத்தா களைப்பிலயோ மற்ற அறிகுறியிலயோ ரெண்டு பக்கத்துக்கும் வித்தியாசமே இல்லை. வயசான ஆக்களுக்கு மருந்து கூடிப்போனா நெஞ்சுத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பும் தேயும். அதால அம்மாவுக்கு மருந்து இல்லை, இடைக்கிடை டெஸ்ட் மட்டும். களைப்புக்குக் காரணம் வேற இருக்கோ எண்டு ஹீமோகுளோபினும் சுகரும் பாக்கச் சொன்னவர், அதில ரத்தம் குறைவு எண்டு வந்தது, இப்ப அதுக்குத்தான் பாக்கிறம். 6.8ஐப் பாத்த உடன குளிசையைத் தொடங்கியிருந்தா அந்த ரத்தக் குறைவை ஆரும் தேடியிருக்கமாட்டினம் எண்டு நினைக்க எனக்கு நெஞ்சு பதறும்.

தங்கச்சின்ர கதை வேற. பயோட்டினை நிப்பாட்டி, டொக்டர் சொன்ன இடைவெளி விட்டு, பெரிய கிளையிலயே காலமை முதல் ஆளாப் போய்க் குடுத்தது. ரெண்டு டெஸ்ட்டுக்கு இடையில ரெண்டு மூண்டு மாசம் விடச்சொல்லுறது ஏன் எண்டா, காய்ச்சலோ வேற வருத்தமோ வந்து மாறிக்கொண்டு இருக்கேக்க டிஎஸ்எச் தற்காலிகமா ஏறி, பிறகு தானா இறங்கிவிடும், டெங்கு வந்து எழும்பின கையோட ஆரும் தைரொயிட் பாக்காதேங்கோ. அவவுக்கு இந்தத் தரம் 6.4, ப்ரீ டி4 சரி, டிபிஓ அன்டிபொடி நல்லாக் கூட. இந்த அன்டிபொடி டெஸ்ட்டைப் பற்றி ஒரு லேப் பக்கேஜிலயும் இல்லை, ஆனா போர்டர்லைன் ஆளுக்கு அதுதான் ஆகப் பெறுமதியான தகவல் எண்டு எனக்குப் படுது. அது கூடினா உடம்பே தன்ர தைரொயிட்டைத் தாக்குது எண்டு அர்த்தம், ஹஷிமோட்டோ எண்டுவினம். இங்கிலாந்தில விக்கம் எண்ட ஊரில இருபது வருசம் ஆக்களைப் பின்தொடர்ந்து பாத்த ஆய்வில, டிஎஸ்எச்சும் அன்டிபொடியும் ரெண்டும் கூடின பெண்களில வருசத்துக்கு நூறில நாலு பேரளவில முழுக் குறைபாட்டுக்குப் போயிருக்கினம், டிஎஸ்எச் மட்டும் கூடினவையில ரெண்டு மூண்டு பேர்தான். அன்டிபொடி ஒருக்கா எடுத்தாக் காணும், ஒவ்வொரு தரமும் எடுக்கத் தேவையில்லை, ஆரும் திரும்பத் திரும்ப எழுதினா ஏன் எண்டு கேளுங்கோ.

அவவுக்குப் பிள்ளைக்குப் பாத்துக்கொண்டிருக்கினம், அதால டொக்டர் காத்திருக்காம குறைஞ்ச அளவில தைரொக்சின் தொடங்கினவர். முதல் மாசங்களில வயித்தில இருக்கிற பிள்ளைக்குத் தாயின்ர தைரொயிட்தான் ஆதாரம், கர்ப்பம் தங்கினா தேவையும் உடன கூடும். அம்மாக்கும் மகளுக்கும் கிட்டத்தட்ட ஒரே நம்பர், ஒராளுக்கு மருந்து வேணும் ஒராளுக்கு வேண்டாம். பொதுவா 10க்கு மேல ரெண்டு தரம் வந்தா மருந்து எண்டு யோசிப்பினம், 10க்குக் கீழ எண்டா வயசு, அறிகுறி, அன்டிபொடி, பிள்ளை யோசனை எல்லாம் சேத்துப் பாக்கவேணும். ரிப்போட்டில ஒரு சிவப்பு "எச்" இதில ஒண்டையும் சொல்லாது.

ரிப்போட்டைப் பற்றி இன்னுமொரு குறை. ரெண்டு லேப்பும் ப்ரீ டி4ஐ வேற வேற அளவில போடுது, ஒண்டு நனோகிராமில 1.1 எண்டு போட்டிருக்கு மற்றது பிகோமோலில 14.2 எண்டு போட்டிருக்கு. ரெண்டும் ஒரே பெறுமானம்தான், 1.1ஐ 12.87ஆல பெருக்கினா அதுதான் வரும், ஆனா ரிப்போட்டைப் பாத்த அம்மா "ஐயோ ஒண்டு பதினாலா ஏறிட்டுது பிள்ளை" எண்டு ராத்திரி நித்திரையே கொள்ளேல்லை. ரிப்போட் முழுக்க இங்கிலீசில, ஒரு வரி தமிழிலயோ சிங்களத்திலயோ விளக்கம் இல்லை. மெசினும் லேப்புக்கு லேப் வேற, அதால ஒரு இடத்தில தொடங்கினா அதே இடத்தில தொடருங்கோ, சுவரில ஐஎஸ்ஓ 15189 சான்றிதழ் இருக்கோ எண்டும் பாருங்கோ, அதுதான் மருத்துவ லேப்புகளுக்கான தரம்.

சாப்பாட்டைப் பற்றியும் சனம் கனக்கச் சொல்லுது, கோவா சாப்பிடாத, மரவள்ளிக்கிழங்கு தொடாத எண்டு. வீட்டில சாதாரணமா சமைச்சுச் சாப்பிடுற அளவுக்கு ஒண்டும் செய்யாது, அயடின் போதுமான அளவு கிடைச்சா. முந்தி இலங்கையின்ர ஈரவலயத்தில, கொழும்புப் பக்கமெல்லாம், அயடின் குறைவால கழுத்தில கழலை வாறது சாதாரணம், 1995இல உப்புக்கு அயடின் சேக்கிறதைக் கட்டாயமாக்கினாப் பிறகு அந்த நிலைமை மாறிட்டுது. அதால அயடின் குளிசை வாங்கித் தன்பாட்டில போடவேண்டாம், கூடினாலும் தைரொயிட் குழம்பும்.

மருந்து தொடங்கினவைக்கு ஒரு விசயம், விடிய எழும்பி வெறும் தண்ணியோட போட்டிட்டு அரை மணித்தியாலத்தில இருந்து ஒரு மணித்தியாலம் வரைக்கும் ஒண்டும் குடிக்காதேங்கோ, பால்தேத்தண்ணியும்தான். இரும்புக் குளிசை, கல்சியம் குளிசை எல்லாம் நாலு மணித்தியாலம் தள்ளி. அடுத்த டெஸ்ட் ஆறு எட்டுக் கிழமை கழிச்சுத்தான், அதுக்கு முன்னம் பாத்தா நம்பர் இன்னும் அமர்ந்திருக்காது. ரத்தம் குடுக்கிற அண்டைக்குக் குளிசையை ரத்தம் குடுத்திட்டுப் போடச்சொல்லி எங்கட டொக்டர் சொன்னவர்.

மார்க்ஸ் எண்டு கேட்டா, பெரிய கிளையில ரத்தம் எடுக்கிற வேலைக்கும் ரிப்போட் வாற வேகத்துக்கும் அஞ்சுக்கு அஞ்சு குடுப்பன், பக்கேஜுக்கு ஒண்டுகூடக் குடுக்க மனமில்லை. பக்கேஜை வாங்காம "டிஎஸ்எச்சும் ப்ரீ டி4உம்" எண்டு பேர் சொல்லிக் கேளுங்கோ, டொக்டர் சொன்னா டிபிஓ ஒருக்கா. காசு கஷ்டம் எண்டா கொழும்பு தேசிய வைத்தியசாலையில எண்டோகிரைன் கிளினிக் இருக்கு, இலவசம், உங்கட டொக்டரிட்டக் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கோ, காத்திருக்கத்தான் வேணும்.

வீட்டுக்கு வந்து எடுக்கிற சேவை அம்மா மாதிரிப் படி ஏறி இறங்க ஏலாத ஆக்களுக்கு நல்ல உதவி, மேலதிகமா ஒரு தொகை எடுப்பினம், ஆனா வெள்ளவத்தை ட்ராபிக்கில திரீவீலருக்குக் குடுக்கிறதோட பாத்தா பெரிய வித்தியாசம் இல்லை. புக் பண்ணேக்க காலமை முதல் நேரத்தையே கேளுங்கோ, எங்களுக்கு ஏழு மணி எண்டு சொல்லிப்போட்டு பத்தரைக்கு வந்த நாளும் இருக்கு, அப்பிடி வந்தா ரத்தம் எடுத்த உண்மையான நேரத்தை எழுதச்சொல்லிக் கட்டாயப்படுத்துங்கோ, புக்கிங் நேரத்தையே ரிப்போட்டில போட்டுவிடுவினம்.